ஊற்றுக்கு வந்த ஐந்து ஆடுகள்

கண் டாக்டரிடம் போயிருந்தேன். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை இரண்டு கண்களிலும் விட்டு, இருபது நிமிடம் வெளியே உட்காரச் சொன்னார்கள். மேசையில் கிடந்த ஒரு பத்திரிகையைப் புரட்டினேன். பார்வை கலங்குவதற்கு முன் நான் தெளிவாகப் பார்த்த கடைசிப் படம் அதில்தான் இருந்தது. காய்ந்த குன்றுகள், நடுவே ஒரு பிளவு, அந்தப் பிளவின் அடியில் மட்டும் பச்சை. பச்சைக்குள்ளே, பட்டை உரிந்து உடம்பு சிவந்த ஒரு மரம் தண்ணீரின் மேல் சாய்ந்து நின்றது. படத்தின் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கப் போனபோது எழுத்துகள் எல்லாம் பஞ்சாகிவிட்டன.

அந்தக் கண்ணோடு கார் ஓட்ட முடியாது என்பதால் என்னை அழைத்துப் போக என் தோழி வந்திருந்தாள். பத்திரிகையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து அவளிடம் நீட்டினேன்.

"இது எங்க இருக்குன்னு படிச்சுச் சொல்லு."

ஸ்டியரிங்கின் மேல் விரித்து வைத்துப் படித்தாள். "ஊற்றுத் தண்ணி ஓடுற கேன்யனாம் அக்கா. பாலைவனத் தோட்டம் ஒண்ணு இருக்காம், டிரெயில் எல்லாம் இருக்காம். நம்ம டெக்ஸஸ்லதான்."

"எவ்ளோ தூரம்?"

போனில் தேடினாள். "ஆலன்லேர்ந்து எட்டரை மணி நேரம்."

"அப்புறம் என்ன நம்ம டெக்ஸஸ்?"

அவள் சிரிக்கவில்லை. பத்திரிகையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "போவோமா அக்கா?" என்றாள்.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவள் கீழக்கரைக்காரி. நான் பரமக்குடி. ஊரில் ஒரு பஸ் பயணத் தூரத்தில் வளர்ந்தும், சந்தித்துக்கொண்டது டாலஸ் பக்கத்து ஆலனில் ஒரு அபார்ட்மெண்டின் சலவை அறையில். நான் போனில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "நீங்க ராம்நாட்டுப் பக்கமா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு பத்து வருடங்களில் இருவரும் தனித்தனி வீடு வாங்கிவிட்டோம். இரண்டு வீட்டுக்கும் நடுவே நாலு தெரு. அவள் ஒரு டேகேரில் மூன்று வயதுக் குழந்தைகளுக்கு டீச்சர். நான் வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்க்கிறேன். என்னைவிட நாலு வயது சின்னவள்.

முதலில் எல்லாரும் சேர்ந்து போவதாகத்தான் பேச்சு. என் கணவருக்கு அந்த வாரக் கடைசியில் ஆபீஸில் ரிலீஸ் இருந்தது. அவள் கணவருக்குக் கடையை விட்டு வர முடியாது. பத்தாவது படிக்கும் என் மகளிடம் படத்தைக் காட்டினேன். போனிலிருந்து ஒரு கண்ணை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, "இட்ஸ் ஜஸ்ட் ராக்ஸ், அம்மா" என்றாள். என் தோழியின் இரண்டு மகன்களுக்கும் ஏறக்குறைய அதே கருத்து.

"அப்ப நாம ரெண்டு பேரு மட்டும் போவோம்" என்றாள் அவள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடங்களில், யாருக்கும் சாப்பாடு எடுத்து வைக்காமல், யாருடைய சார்ஜரையும் தேடாமல், நான் ஒரு பயணம் போனதே இல்லை. அவளும் அப்படித்தான். சரி என்று சொன்ன நிமிடத்திலிருந்து ஆகஸ்ட் மாதத்து அந்த வெள்ளிக்கிழமை வரை எனக்கு வேலையே ஓடவில்லை. மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு எந்த ஷூ போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். டாலஸையும் ஃபோர்ட் வொர்த்தையும் அவள் கடந்து கொடுத்தாள். அபிலீனில் காபி குடித்துவிட்டு ஸ்டியரிங்கை நான் வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு திருப்பமே இல்லை. பார்க்கும் தூரம் எல்லாம் ஒரே கோடு. பேசிக்கொண்டே வந்தோம். பிள்ளைகளைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஒரு ஒப்பந்தம் போட்டு, அதை முப்பது மைல் வரைக்கும் காப்பாற்றினோம். பீக்கஸ் என்ற ஊரில் மோட்டலில் தங்கினோம். மறுநாள் காலையில் தெற்கே திரும்பும் சாலையைப் பிடித்தபோது, தட்டையாகவே வந்த தரை திடீரென்று மடிந்து எழத் தொடங்கியது. பாதை ஒரு மலைச் சந்துக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் செங்கல் நிறத்தில் பாறைத் தூண்கள். ஜன்னலை இறக்கினால் காற்றில் சூடு இல்லை. ஏற்காட்டு உயரம் ஏறியிருந்தோம்.

"அக்கா, ஏசிய ஆஃப் பண்ணுங்க" என்றாள். ஆகஸ்டில் டெக்ஸஸில் யாரும் சொல்லி நான் கேட்காத வார்த்தை அது.

அந்த இடம் சாலையிலிருந்து தெரியவே தெரியாது. ஒரு கேட், ஒரு மண் பாதை, நடுவில் அது கடந்து போகும் ஒரு காய்ந்த ஓடை, கடைசியில் தகரக் கூரை போட்ட சின்ன மரக் கட்டடம். சுற்றிலும் இடுப்புயரப் புல். அந்த வாரம் ஏற்கெனவே இரண்டு மழை பெய்திருந்ததால் புல் பச்சையாக இருந்தது. கட்டடத்துக்குள் எங்கள் வயதில் ஒரு வாலண்டியர் இருந்தாள். வெயிலில் பழுத்த முகம், வைக்கோல் தொப்பி. நோட்டில் பெயரும் நேரமும் எழுதச் சொல்லி, மேப் ஒன்றைக் கொடுத்து, இரண்டு கைத்தடிகளையும் கொடுத்தாள். மூன்று விஷயம் சொன்னாள். தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று இலை சேர்ந்திருக்கும் எந்தச் செடியையும் தொடக் கூடாது. இடி கேட்டால் எங்கே இருந்தாலும் கேன்யனை விட்டு மேலே வந்துவிட வேண்டும்.

முதலில் தோட்டத்துக்குப் போனோம். தோட்டம் என்றால் பாத்தி கட்டி ரோஜா வைத்த தோட்டம் இல்லை. கள்ளியும் கற்றாழையும் முள்மரமும் அவை அவை விரும்பிய இடத்தில் நிற்பது போல நின்றன. பக்கத்தில் சின்னப் பெயர்ப்பலகை வைத்திருப்பதால் மட்டும் தோட்டம் என்று தெரிந்தது. கண்ணாடி வீட்டுக்குள் கள்ளிகளைத் தொட்டி தொட்டியாக வைத்திருந்தார்கள். சட்டைப் பொத்தான் அளவில் ஒன்று. அதன் தலையில் அதைவிடப் பெரிதாக ஒரு ரோஸ் நிறப் பூ. பஞ்சு சுற்றியது போல ஒன்று. கல்லென்று நினைத்துக் கடக்கப் போனேன், அது கள்ளி. நான் ஒவ்வொன்றின் முன்னும் குனிந்து நின்றதில் அவள் என்னை விட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

"அக்கா, சீக்கிரம் வாங்க. யாரு நிக்கிறாங்கன்னு பாருங்க."

தெரிந்தவர் யாரையோ பார்த்துவிட்டாள் போல என்று ஓடினேன். சுற்றிலும் வட்டமாகக் கல் அடுக்கி, கீழே ஒரு பெஞ்சும் போட்டு, ஒரு மரம். சீப்புப் பல் போன்ற இலை. மெல்லிய நிழல். நீளமான காய்.

"இது அதுவா?" என்றேன்.

"அதேதான். நம்ம சீமைக்கருவேலம். பெஞ்ச் போட்டு வச்சிருக்காங்க பாருங்க இதுக்கு."

எங்கள் மாவட்டத்தில் இந்த மரத்தைத் திட்டாத ஆள் கிடையாது. கண்மாய்க்குள் புகுந்துவிட்டது, தண்ணீரை உறிஞ்சிவிட்டது, வெட்டினால் வெட்டின இடத்திலேயே இரண்டு மடங்காக வருகிறது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். என் இடது கெண்டைக்காலில் அதன் முள் கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. அதற்கு இங்கே பெயர்ப்பலகை.

நாங்கள் சிரிப்பதைக் கேட்டு வாலண்டியர் வந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். இங்கே நிற்பது அதே மரம் இல்லை, அதன் நெருங்கிய உறவு என்று அவள் விளக்கினாள். இது இந்த மண்ணிலேயே பிறந்த மரம், காயை அரைத்து மாவாக்கி ரொட்டி செய்வார்கள் என்றாள். உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள் என்று ஆர்வத்தோடு கேட்டாள்.

"வீ கட் இட். எவ்ரி டே" என்றாள் என் தோழி.

இங்கே மாட்டுப் பண்ணைக்காரர்களும் அதையேதான் செய்கிறார்கள் என்று அவளும் சேர்ந்து சிரித்தாள்.

பதினொன்றரை மணிக்கு டிரெயிலில் இறங்கினோம். புல்வெளியில் அரை மணி நேரம் நடந்த பிறகு தரை நின்றுவிட்டது. அங்கே முனையில் நின்று பார்த்தால், நேராகக் கீழே அந்தப் பிளவு. பத்திரிகையில் பார்த்த அதே பச்சை. படத்தில் இருந்ததைவிட ஆழம் அதிகம். அதை மட்டும் படம் சொல்லவில்லை.

பாதை பாறைகளுக்கு நடுவே இறங்கியது. சில இடங்களில் படி மாதிரி இருந்தது, சில இடங்களில் உட்கார்ந்து சறுக்க வேண்டியிருந்தது. பாதி தூரம் தைரியமாகத்தான் வந்தேன். ஒரு பெரிய பாறை. அவள் தடியைக் கீழே போட்டுவிட்டு, திரும்பிக் கையை ஊன்றி, ஆடு போல இறங்கிவிட்டாள். நானும் அதே மாதிரி திரும்பினேன். ஒரு காலைக் கீழே விட்டேன். கால் எதையும் தொடவில்லை. மேலேயும் ஏற முடியவில்லை. வயிறு பாறையில் ஒட்டிக்கொண்டிருக்க, அப்படியே தொங்கிக்கொண்டிருந்தேன். முகத்துக்கு நேரே ஒரு பல்லி என்னைப் பார்த்தது.

"அக்கா, வலது கால இன்னும் கொஞ்சம் கீழ விடுங்க."

"விட்டா விழுந்துருவேன்."

"விழ மாட்டீங்க. நான் புடிச்சிருக்கேன்."

"எதப் புடிச்சிருக்க? எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"உங்க ஷூவ."

"ஷூவப் புடிச்சா நான் எப்படி நிப்பேன்?"

பிறகு அவள் குரல் மாறியது. அது நான் அதுவரை கேட்டிராத குரல். டேகேர் குரல்.

"ஓகே. லிசனிங் இயர்ஸ் ஆன். மூச்ச இழுங்க. விடுங்க. இப்ப ஒரு கால். ஒன்லி ஒன் ஃபூட். குட் ஜாப். இப்ப அடுத்த கால். வெரி குட் ஜாப்."

நாற்பத்தாறு வயதில் அந்தக் குரலுக்கு என் கால்கள் கீழ்ப்படிந்தன. தரையில் நின்றபோது முழங்கை சிராய்த்திருந்தது, பேண்ட்டின் பின்பக்கம் கிழிந்திருந்தது. அவள் என் முதுகில் தட்டிக்கொடுத்தாள். இருவரும் அந்தப் பாறையில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினோம். அப்படி நின்றபோதுதான் அது கேட்டது.

தண்ணீர்ச் சத்தம்.

கீழே எங்கோ, கண்ணுக்குத் தெரியாமல், கல்லில் விழுந்து ஓடும் தண்ணீர். குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்த ஊர்க்காரிகள் நாங்கள் இருவரும். நடக்கத் தொடங்கினோம், பிறகு வேகமாக நடந்தோம், கடைசி வளைவில் ஓடினோம். ஐந்து நிமிடத்துக்கு முன் ஒரு பாறையிலிருந்து இறங்கப் பயந்தவள் நான்.

பாறைச் சுவரின் அடியில் ஒரு வெடிப்பு. அதிலிருந்து கை மணிக்கட்டுத் தடிமனுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மேலே குளமோ ஆறோ கிடையாது, வெறும் புல்தான் என்று நடந்து வந்த எங்களுக்குத் தெரியும். ஆனாலும் வந்துகொண்டிருந்தது. கீழே சின்னக் குட்டை, அதன் அடியில் கிடந்த ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரிந்தது. வெடிப்பின் இரண்டு பக்கமும் பெரணிச் செடிகள் ஈரத்தில் ஆடின. அந்தச் சிவப்பு மரம் படத்தில் நின்றபடியே சாய்ந்து நின்றது. பட்டை காகிதம் போலச் சுருண்டு உரிந்திருந்தது. உள்ளே தொட்டால் வழுவழுப்பாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. தண்ணீருக்குள் இறங்கக் கூடாது என்று ஒரு பலகை சொன்னது. விளிம்பில் மண்டியிட்டு உட்கார்ந்து, முகத்துக்கு வரும் குளிர்ச்சியை வாங்கிக்கொண்டோம்.

"அல்லாஹ்வே, எங்கேருந்து வருது இது" என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அதே நினைப்பில் மணியைப் பார்த்தாள். இரண்டு தாண்டியிருந்தது. இந்தப் பக்கத்தில் சூரியன் உச்சிக்கு வரவே இரண்டு மணி ஆகிவிடும். "லுஹர் நேரம் வந்துருச்சு. தொழுதுக்கிறேன் அக்கா" என்றாள். போனில் சிக்னல் இல்லை, தொழும் திசையான கிப்லாவைக் காட்டும் ஆப் சுற்றிக்கொண்டே இருந்தது. வாலண்டியர் கொடுத்த மேப்பை எடுத்தோம். மூலையில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி இருந்தது. ஆலனிலிருந்து வடகிழக்கு என்றால் இங்கிருந்தும் ஏறக்குறைய வடகிழக்குதான் என்று முடிவு செய்தோம். குன்றின் முனையையும் மேப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்து, நான் ஒரு கைத்தடியைத் திசைக்குத் தரையில் படுக்க வைத்தேன்.

"ஓடுற தண்ணி காலடியில இருக்கு. நான் பாட்டில் தண்ணில ஒளு செய்றேன்" என்று சிரித்துக்கொண்டே தள்ளிப் போய்க் கை கால் முகம் கழுவிக்கொண்டாள். பயணத்தில் இரண்டு ரக்அத் தொழுதால் போதும் என்று எனக்குச் சொல்லிவிட்டு, சால்வையை மரத்தடியில் விரித்து நின்றாள். நான் பத்தடி தள்ளி ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து, செருப்புக் கடித்த பிள்ளை போல ஷூவைக் கழற்றிக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

எதிர்ப் பாறைச் சுவரிலிருந்து ஒரு கல் உருண்டது.

நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் மண் நிறத்தில் ஏதோ அசைந்தது. ஆடு. இல்லை, ஆடு என்று சொல்ல வாய் வரவில்லை. கன்றுக்குட்டி உயரம் இருந்தது. பின்னால் வளைந்த கொம்பு ஒவ்வொன்றும் என் கை நீளம். தொண்டையிலிருந்து முன்னங்கால் முட்டி வரை தாடி போல மயிர் தொங்கியது. நிற்க இடமே இல்லாத சுவரில் நின்று தண்ணீரையே பார்த்தது. பிறகு இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இரண்டு. கடைசியில் ஒரு குட்டி, அது மட்டும் சறுக்கி, சமாளித்து, அவசரமாக ஓடி வந்தது. ஐந்து.

காற்று அவற்றின் பக்கமிருந்து எங்கள் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. அதனால்தான் எங்களைத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். குட்டைக்கு அந்தப் பக்கம் ஐந்தும் வரிசையாகத் தலையைக் குனிந்தன. இந்தப் பக்கம் என் தோழி ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்திருந்தாள். இரண்டுக்கும் நடுவே ஒரு கார் நீளம்கூட இருக்காது.

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கூப்பிட்டால் ஆடுகள் ஓடிவிடும், அல்லது ஓடாமல் பாய்ந்துவிடும். கூப்பிடாவிட்டால் அவள் நிமிர்ந்து பார்த்து அலறுவாள். போன் பைக்குள் இருந்தது, பை எட்டாத தூரத்தில் இருந்தது. அவள் எழுந்து நின்று இரண்டாவது ரக்அத்துக்குக் கை கட்டினாள். பெரிய கடா தலையைத் தூக்கியது. அவளைப் பார்த்தது. அவள் பார்வை தரையில் இருந்தது. வாயிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அது நெடுநேரம் பார்த்தது. பிறகு, இவளால் ஒன்றும் ஆபத்தில்லை என்று கண்டுகொண்டது போல, மறுபடியும் குனிந்து குடித்தது.

இரண்டாவது ரக்அத் முடிந்தது. உட்கார்ந்து, வலது பக்கம் முகத்தைத் திருப்பி சலாம் சொன்னாள். இடது பக்கம் திருப்பினாள். ஐந்து ஆடுகளும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தன.

திரும்பிய முகம் திரும்பியபடியே நின்றுவிட்டது. சலாமை மெதுவாகச் சொல்லி முடித்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். அலறவில்லை, அசையவில்லை. கண்கள் மட்டும் அகலமாகிக்கொண்டே போயின. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. குட்டி தண்ணீருக்குள் முன்னங்காலை வைத்துத் தட்டி விளையாடியது. அதற்கு யாரும் பலகை வைக்கவில்லை.

என் கையிலிருந்த ஷூ நழுவிக் கல்லில் விழுந்தது. அவ்வளவுதான். ஐந்தும் ஒரே நேரத்தில் திரும்பின. நாங்கள் உட்கார்ந்தும் தொங்கியும் இறங்கிய உயரத்தை அவை நாலு தாவலில் ஏறிவிட்டன. மேலே வானத்துக்கு முன்னால் ஒரு ஜோடிக் கொம்பு மட்டும் ஒரு கணம் தெரிந்தது.

அவள் எழுந்து ஓடி வந்து என் இரண்டு தோளையும் பிடித்துக் குலுக்கினாள். "பாத்தீங்களா அக்கா? பாத்தீங்களா? எப்ப வந்துச்சு?"

"நீ மொத ஸஜ்தாவுல இருக்கும்போது."

"ஏன் சொல்லல?"

"தொழுகையில எப்படிச் சொல்றது?"

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேலே பாறையைப் பார்த்துச் சொன்னாள்: "அந்தப் பெருசு ஒண்ணு போதும் அக்கா. பெருநாளைக்கு மூணு தெருவுக்குக் கறி குடுக்கலாம்."

சிரித்த சிரிப்பில் எனக்கு விலா வலித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே முதல் இடி கேட்டது.

பாறைச் சுவர்களுக்கு நடுவில் வானம் ஒரு துண்டுதான் தெரியும். அந்தத் துண்டு இன்னும் நீலமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாலண்டியர் சொன்னது நினைவிருந்தது. ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். ஏறும் பாதை வேறு பக்கம், நல்ல வேளையாகப் பாறை குறைவு. ஆனால் செங்குத்து. அந்த உயரத்துக் காற்றில் பத்தடிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. இரண்டாவது இடி பக்கத்தில் கேட்டது. இப்போது நான் முன்னால் ஏறினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். மேலே வந்து பார்த்தால் தெற்கு வானம் முழுக்கக் கறுத்திருந்தது. மழை ஒரு சாம்பல் திரையாகக் குன்றுகளின் மேல் நகர்ந்து வருவது கண்ணுக்குத் தெரிந்தது. திரை எங்களை எட்டுவதற்குள் கட்டடத்தை எட்ட வேண்டும் என்று ஓடினோம். எட்ட முடியவில்லை. கடைசி இருநூறு அடியில் பிடித்துக்கொண்டது. கொட்டைப்பாக்கு அளவில் ஆலங்கட்டி. மேப்பைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கத்திக்கொண்டே, கிழிந்த பேண்ட்டோடு ஓடிய எங்களைப் பார்த்து வாலண்டியர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

துண்டு கொடுத்தாள், காபி போட்டுக் கொடுத்தாள். உள்ளே வரும் மண் பாதையில் ஓடை இறங்கியிருக்கும், வடிகிற வரை கார் எடுக்க வேண்டாம் என்றாள். வராந்தாவில் உட்கார்ந்தோம். ஆடுகளைப் பற்றி நான்தான் முதலில் சொன்னேன். வாலண்டியரின் முகம் பாதி மலர்ந்து பாதி சுருங்கியது. அவை ஆப்பிரிக்காவின் மலை ஆடுகள் என்றாள். யாரோ வேட்டைக்காகக் கொண்டு வந்து விட்டவை பெருகிவிட்டன, இந்த மண்ணின் காட்டு ஆடுகளுக்கு வேண்டிய புல்லையும் தண்ணீரையும் பிடுங்கிக்கொள்கின்றன என்றாள். அவ்வளவு பக்கத்தில் அவற்றை இதுவரை அவளே பார்த்ததில்லையாம். அதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

காரிலிருந்து சாப்பாட்டுக் கூடையை எடுத்து வந்தோம். நான் கட்டிய புளியோதரை, அவள் கொண்டு வந்த தொதல். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டிய அந்தக் கறுப்பு அல்வா, ஊரிலிருந்து போன மாதம் வந்த ஆள் மூலம் வந்தது. வாலண்டியருக்கு ஒரு துண்டு கொடுத்தோம். என்ன என்று கேட்காமலே சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டாள். எதிரே, அரை மணி நேரத்துக்கு முன் நாங்கள் ஏறி வந்த குன்றின் மேலிருந்து மூன்று வெள்ளைக் கோடுகள் விழுந்தன. அருவிகள். மழை நின்றதும் அவை ஒவ்வொன்றாக மெலிந்து நின்றுபோயின. ஈரமான புதர்களிலிருந்து மருந்து போல, மண் போல ஒரு வாசம் எழுந்து வராந்தா முழுக்க நிரம்பியது. மழைக்கு ஒதுங்கியிருந்த கட்டைவிரல் அளவு ஹம்மிங் பேர்டுகள் வந்து, கூரையில் அவற்றுக்காகத் தொங்கவிட்டிருந்த தேன் கிண்ணத்தைச் சுற்றி ஒன்றையொன்று துரத்தின.

ஐந்து மணிக்கு ஓடையில் தண்ணீர் கணுக்காலளவுக்கு வடிந்திருந்தது. வாலண்டியர் தன் டிரக்கில் முன்னால் போய்க் கடந்து காட்ட, நாங்கள் பின்னால் கடந்தோம். கை காட்டிவிட்டு அவள் திரும்பிப் போனாள்.

சாலையில் கொஞ்சத் தூரம் வந்ததும் சிக்னல் கிடைத்தது. இரண்டு போன்களும் விடாமல் அதிர்ந்தன. என் மகள் ஒன்பது மெசேஜ் அனுப்பியிருந்தாள். கடைசி மெசேஜில் கேள்விக்குறிகள் மட்டும் இருந்தன. வண்டி நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் தோழி அவள் கணவரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"மச்சான், நாங்க நல்லா இருக்கோம். மழை, அதான் சிக்னல் இல்ல. மச்சான், நான் தொழுதுட்டு இருக்கேன், ஆடு வருது. சாதாரண ஆடு இல்ல. கொம்பே இந்த நீளம்."

போனில் எப்படித் தெரியும் என்று யோசிக்காமல் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"எத்தன ஆடு?" என்றார் அவர்.

"பதினஞ்சு இருக்கும் மச்சான். என்னக்கா?"

"இருக்கும்" என்றேன்.